இரசனையின் சமூக அடிப்படை: மன்னார்க் கரையோர வெகுசன இசையை முன்வைத்து ஒரு நோக்கு

1

இசை பற்றிய உரையாடல்களில் இரசனை என்ற சொல் பெரும்பாலும் விவாதத்தை முடித்துவைக்கும் சொல்லாகவே பயன்பட்டு வருகின்றது. ஒருவருக்குக் கருநாடக இசை பிடிக்கும், இன்னொருவருக்குச் சினிமாப் பாட்டு, மூன்றாமவருக்குப் பைலா, நான்காமவருக்கு றொக் அல்லது மெற்றல். இவை அவரவர் மனப்போக்கு, இதில் ஆராய என்ன உண்டு என்று கேட்போர் ஒருபுறம். மறுபுறத்தில், கருநாடக இசையும் தேவாரப் பண்ணும் உயர்ந்தவை, கூத்துப் பாட்டு மரபின் செல்வம், ஏனையவை பண்பாட்டுச் சீரழிவு என்று ஏணிப்படி வகுப்போர் உளர். இவ்விரு சாராரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். முதற்சாரார் இரசனையைத் தனிமனிதனின் பிறவிக் குணமாகக் கொள்கின்றனர். இரண்டாஞ்சாரார் அதனை இசையின் பிறவிக் குணமாகக் கொள்கின்றனர். இரசனை உருவாகும் சமூக நிலைமைகளை இரு சாராரும் காணத் தவறுகின்றனர்.

முற்போக்கு இலக்கியக்காரரும் இதற்கு விலக்கல்லர். வர்க்க நோக்கில் இலக்கியத்தை ஆராயும் நாம், இசைக்கு வந்ததும் பெரும்பாலும் வைதிகப் பண்டிதரின் ஏணியையே கடன்வாங்கி, 'தூய்மை' என்ற சொல்லை 'மக்கள் கலை' என்று மாற்றிவிட்டு அமைதியடைகின்றோம். எந்த மக்கள், எந்தக் காலத்தில், எந்த உற்பத்தி உறவினுள் நின்று பாடினர் என்ற வினா எழுப்பப்படுவதில்லை.

இவ்வினாவை எழுப்புவதற்கு மன்னார்த் தீவும் அதனையடுத்த பெருநிலக் கரையும் மிகப் பொருத்தமான களமாகும். திருக்கேதீச்சரம் பற்றிச் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதிகங்களும், கத்தோலிக்க நாட்டுக்கூத்தும், தவக்காலப் புலம்பலும், கடற்றொழிலாளரின் அம்பாவும், முஸ்லிம் ஊர்களின் பக்திப் பாடல்களும், இந்தியச் சினிமாப் பாட்டும், பைலாவும், பொப்பிசையும் இச்சிறு பரப்பினுள் அடுத்தடுத்து வாழ்ந்துள்ளன. இவற்றின் வரலாற்றை நிரல்பட நோக்குவோமாயின், உயர்ந்தது, தாழ்ந்தது என்னும் எல்லைக்கோட்டைக் காட்டிலும் முக்கியமான வேறோர் எல்லைக்கோடு புலப்படும்.

2

கரையோர இசையின் அடித்தளம் உழைப்பாகும். கரைவலையை இழுக்கும்போது ஒருவன் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் திருப்பிப் பாடும் அம்பாப் பாடலில், தாளம் அழகுக்காகச் சேர்க்கப்பட்டதன்று. பலரின் தசைகள் ஒரே கணத்தில் இயங்க வேண்டியிருந்தமையே அத்தாளத்தைத் தோற்றுவித்தது. பொருளற்ற அசைகள் அதில் மிகுதியாக வருவதும் இதனாலேயே. மூச்சை ஒருங்கிணைப்பது அவற்றின் முதற்பணி. 1896ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் பூகர் 'உழைப்பும் தாளமும்' என்ற நூலில் இவ்வுறவைப் பல நாட்டுச் சான்றுகளுடன் விளக்கினார். 1945இல் 'மார்க்சியமும் கவிதையும்' என்ற சிறு நூலில் ஜோர்ஜ் தொம்சன் அதனை மேலும் வளர்த்தார். நம் நாட்டுத் திறனாய்வாளர் பலருக்கு இந்நூல் பாலபாடமாயிற்று.

அம்பாவைப் பொறுத்தவரை முக்கியமான உண்மை ஒன்றுண்டு. அதற்குப் பாடுவோர் உளர், கேட்போர் இலர். கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவன் தற்செயலாகக் கேட்பவனே. பாடல் அவனுக்காகப் பாடப்படவில்லை. எனவே அம்பாவைப் பற்றி 'இரசனை' என்ற சொல்லையே நாம் பயன்படுத்த முடியாது. பாடுபவனும் கேட்பவனும் இருவேறு ஆட்களாகப் பிரிந்த பின்னரே இரசனை என்ற கருத்து பிறக்கின்றது.

1950களின் பிற்பகுதி தொடங்கி இயந்திரப் படகுகளும் நைலோன் வலைகளும் இலங்கைக் கரையோரமெங்கும் பரவின. பிற்காலத்தில் கரைவலை இழுப்பதற்கும் உழவு இயந்திரமும் சுழல்பொறியும் வந்தன. இயந்திரத்திற்கு அம்பா வேண்டுவதில்லை. இதனை நாட்டாரியல் ஆர்வலர் பலர் 'பண்பாட்டு இழப்பு' என்று மட்டுமே எழுதுகின்றனர். தோள் வீங்க வலை இழுத்தவனுக்கு இயந்திரம் தந்த ஆறுதலை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அதே வேளையில், படகும் வலையும் இயந்திரமும் யாருடைய உடைமை என்ற வினாவையும் அவர்கள் கேட்பதில்லை. பாடல் மறைந்தது இயந்திரத்தால். தொழிலாளியின் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது உடைமை. இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

3

இன்று மன்னாரின் மரபுச் சின்னமாக எல்லோராலும் போற்றப்படுவது நாட்டுக்கூத்து. இங்கு அது நாடகம் எனவும் வாசாப்பு எனவும் வழங்கும். நீண்டு விரிவது நாடகம், சுருங்கியமைவது வாசாப்பு. ஆடும் பாணியிலும் பாடும் மெட்டிலும் யாழ்ப்பாணப்பாங்கு, மாதோட்டப்பாங்கு என இரு வகை உண்டு. இவை முறையே வடபாங்கு, தென்பாங்கு எனவும் பெயர்பெறும். ஒரு பாங்கில் ஊறிய காதுக்கு மற்றையதன் மெட்டுச் சுவைப்பதில்லை. அண்டை ஊர்களுக்கிடையே நிலவிய இவ்வேறுபாட்டை, இன்றைய இளைஞர் ஒரு றொக் வகைக்கும் மற்றொன்றுக்குமிடையே கற்பிக்கும் வேறுபாட்டோடு ஒப்பிடுவது நகைப்புக்குரியதன்று. இரண்டிலும் ஒரு கூட்டம் தன்னைப் பிறிதொரு கூட்டத்திலிருந்து வேறுபடுத்திக் காட்டும் அடையாளமாகவே இசை தொழிற்படுகின்றது.

இக்கூத்து எங்கிருந்து வந்தது? மன்னார்த் தீவு 1560இல் போர்த்துக்கேயர் வசமாகி, 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்கம் கரையோர மக்களிடையே வேரூன்றியதும், ஒல்லாந்தர் காலத்து ஒடுக்குமுறையினூடே அது நிலைத்து நின்றதும் வரலாற்றாசிரியர் அறிந்தவை. கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட கோவைக் குருவான யாக்கோமே கொன்சால்வெஸ் 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழும் சிங்களமும் கற்று, 1742இல் இறக்கும்வரை இரு மொழியிலும் எழுதினார். தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் ஓதப்படும் வியாகுலப் பிரசங்கம் அவருடையதே. ஐரோப்பியக் கதை, தமிழகத்து விருத்தமும் தருவும், உள்ளூர் மத்தளமும் தாளமும், ஒப்பாரியின் இழுவை என்பன சேர்ந்தே கரையோரக் கத்தோலிக்க அரங்கு உருவாயிற்று. மரபு என்று நாம் இன்று கைகூப்பும் பொருள் அன்று பல துறைமுகங்களின் கலப்புச் சரக்காக இருந்தது.

இதற்கு ஒரு சொல்லே சான்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் பதிப்பித்த மன்னார் நாடகத்தின் பெயர் 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்'. எம்பரதோர் என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் வடிவம். பைலாவைப் 'பறங்கியர் எச்சம்' என்று ஒதுக்கும் பண்பாட்டுக் காவலர், போர்த்துக்கேயச் சொல்லைத் தலைப்பிலேயே தாங்கிய நாடகத்தை மரபென்று கொண்டாடுவதில் முரண்பாடு எதனையும் காண்பதில்லை. காலம் கடந்த கலப்பு மரபாகின்றது. கண்முன் நிகழும் கலப்புச் சீரழிவாகின்றது.

கூத்துக்கு இம்மதிப்பு எப்போது கிடைத்தது என்பதும் கவனித்தற்குரியது. ஆங்கிலமும் சைவமும் கற்ற நடுத்தர வர்க்கத்தார் கூத்தைப் படிப்பறியாதோரின் கூச்சலாகவே நீண்டகாலம் கருதினர். 1956இல் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தில் சிங்கள நாடகம என்னும் வடிவத்தைப் பயன்படுத்திப் புகழ்பெற்றார். அவ்வடிவமே தமிழ்க் கத்தோலிக்க அரங்கின் தொடர்பால் வளர்ந்தது என்ற உண்மை நம்மவரையும் விழிக்கச் செய்தது. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) முதலியவற்றை மேடையேற்றினார். அண்ணாவிமாரை மாநாடுகளில் ஒன்றுகூட்டினார். மன்னாரின் 'மூவிராசாக்கள் நாடகம்' (1966), 'ஞானசவுந்தரி நாடகம்' (1967) ஆகியவற்றையும் அச்சேற்றினார். இப்பணியின் முக்கியத்துவத்தை எவரும் மறுக்கவியலாது. எனினும் அதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். கற்றோர் ஏற்றுக்கொண்ட கணத்திலிருந்து கூத்துச் சுருக்கப்பட்டது. இரவிரவாக ஆடியது நிமிடக்கணக்கான போட்டி நிகழ்ச்சியாயிற்று. களரியைச் சூழ்ந்திருந்த ஊர், மண்டபத்தில் அமர்ந்திருக்கும் சபையாயிற்று. மதிப்பு உயர்ந்தது, ஆடியவனின் உரிமை குறைந்தது.

4

கூத்துக்கு அடுத்து இக்கரையின் காதுகளை மாற்றியது போக்குவரத்து. 1914இல் மதவாச்சி–தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும், தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற்சேவையும் தொடங்கின. அதற்கு முன்னரே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த தோட்டத் தொழிலாளர், தம் நாட்டார் பாடல்களோடு இம்மண்ணைக் கடந்தனர். வழியில் மாண்டோர் பலர். புகையிரதமும் கப்பலும் தமிழகத்து நாடகக் குழுக்களின் வரவை எளிதாக்கின. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மரபில் வந்த இசைநாடகத்தோடு ஆர்மோனியமும் ஈழத்து மேடையில் இடம்பிடித்தது.

ஆர்மோனியத்தின் கதை இரசனையின் அரசியலை நன்கு விளக்கும். அது ஐரோப்பியக் கருவி. சுருதியின் நுண்மைகளைக் காட்டவியலாதது என்று பண்டிதர் வெறுத்தனர். அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை விதித்தது. தாகூரும் அக்கருவியை எதிர்த்தவரே. 1971இல்தான் அத்தடை தளரத் தொடங்கியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், சாதாரண மக்கள் தம் திருவிழாவிலும் பசனையிலும் நாடகத்திலும் நாள்தோறும் கேட்ட ஒரு கருவியை அரசின் வானொலி கேட்கத் தகாததெனக் கருதியது. மக்கள் அதனைப் பொருட்படுத்தினரல்லர். இன்று அதே ஆர்மோனியம் 'நம் பாரம்பரிய இசைக்கருவி' என்று மேடைகளில் அறிமுகஞ் செய்யப்படுகின்றது.

அதே வானொலி 1952இல் அமைச்சர் பி. வி. கேஸ்கர் காலத்தில் சினிமாப் பாட்டையும் ஒதுக்கியது. அவ்வெற்றிடத்தை இலங்கை வானொலி நிரப்பிற்று. 1950 செப்ரெம்பரில் தொடங்கிய அதன் வர்த்தக சேவை, இந்தியச் சினிமாப் பாட்டை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பி விளம்பர வருவாய் ஈட்டியது. 1957இல் இந்திய அரசு 'விவித பாரதி'யைத் தொடங்கியமைக்கு இப்போட்டியும் ஒரு காரணம். நேயர்களின் இரசனை வென்றது என்று இதனை மகிழ்வோடு கூறுவோர் உளர். உண்மையில் வென்றவர் இருவர்: ஒருவர் நேயர், மற்றவர் பற்பசை விற்றவர். இவ்விருவரும் ஒருவரையொருவர் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதே வெகுசனக் கலையின் மையப் பிரச்சினை.

பாக்கு நீரிணையின் இருமருங்கு வானொலிகளும் எட்டும் இடமாகிய மன்னாருக்கு இம்மாற்றம் ஆழமானது. ஞானசவுந்தரி கதையை ஊரார் தாமே ஆடினர். 1948இல் அதே கதையைச் சிற்றாடெல் நிறுவனமும் ஜெமினியும் தனித்தனியே திரைப்படமாக்கின. ஒரே கதை, ஒன்றில் அண்டை வீட்டான் அரசனாக வந்தான், மற்றையதில் முன்பின் அறியாத நட்சத்திரம் வந்தது. கதையின் தரத்திலோ மெட்டின் தரத்திலோ மட்டும் இவ்வேறுபாட்டைத் தேடுவது பயனற்றது. பாடும் சமூகம் கேட்கும் சமூகமாக மாறியமையே இங்கு நிகழ்ந்த பெருமாற்றம். அம்பாவில் எல்லோரும் பாடினர். கூத்தில் ஊரில் ஒரு பகுதியினர் ஆட மறுபகுதியினர் பார்த்தனர், அடுத்த முறை இடம் மாறினர். வானொலியில் எங்கோ ஒருவர் பாட எல்லோரும் கேட்டனர். 'இரசிகன்' என்ற சமூகப் பாத்திரம் முழுமை பெற்றது அப்போதுதான்.

5

இப்பின்னணியிலேயே பைலாவையும் பொப்பிசையையும் மதிப்பிடல் வேண்டும். பைலாவின் வேர் போர்த்துக்கேய, ஆபிரிக்க ஆட்டப்பாடல்களின் கலப்பில் உள்ளது. புத்தளத்தையடுத்த சிராம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களின் மஞ்ஞா என்ற பாடலாட்டத்திலும், மட்டக்களப்புப் பறங்கியரின் கப்பிரிஞ்ஞாவிலும் அதன் பழைய உருவங்களைக் காணலாம். எனினும் மன்னாருக்குப் பைலா 1560இல் வந்திறங்கியது என்று நேர்கோடு வரைவது வரலாறாகாது. நாம் அறிந்த பைலா, 1940களில் பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியான்ஸ் முதலியோரால் கொழும்பு நகரச் சூழலில் வடிவமைக்கப்பட்டு, இசைத்தட்டினாலும் வானொலியினாலும் பரவியதாகும். அது நகரத்து உழைப்பாளரும் கீழ் நடுத்தர வர்க்கத்தாரும் கூடிய விருந்துகளின் இசை.

இக்கரைக்கு அது வருவதற்கு வானொலியைத் தவிர இன்னொரு பாதையும் இருந்திருத்தல் வேண்டும். நீர்கொழும்பு, சிலாபம் கரையோரக் கத்தோலிக்க மீனவர் பருவகாலங்களில் மன்னார்க் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். இவர்களுள் பலர் தமிழ் பேசிய மூதாதையரின் வழிவந்து, பாடசாலைக் கல்வியால் சிங்களத்துக்கு மாறியவர்கள். அவர்களுக்கும் மன்னார் மீனவருக்கும் கடலும் கோவிலும் பொது. கடல் உரிமை பற்றிய பிணக்குகளும் உண்டு. ஒரே வாடிக்கரையில் தொழிலும் வழிபாடும் கொண்டோரிடையே மெட்டுகள் கைமாறாதிருந்தால்தான் வியப்பு.

1970களில் இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை தோன்றியது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் அதன் முன்னோடிகளுள் முதன்மையானோர். 1970–77 காலத்து ஐக்கிய முன்னணி அரசு தென்னிந்தியச் சஞ்சிகைகளுக்கும் திரைப்படங்களுக்கும் விதித்த கட்டுப்பாடுகளை முற்போக்காளர் பெரிதும் வரவேற்றனர். ஈழத்து எழுத்தும் கலையும் தழைக்கும் என நம்பினர். எழுத்துத்துறையில் அந்நம்பிக்கை பெருமளவு நிறைவேறியது. இசைத்துறையிலோ அக்காலத்தில் மேடையை நிரப்பியது கிற்றாரோடு வந்த பொப்பிசை. எதிர்பார்த்த 'தேசிய இசை' வேறாக இருந்தமையின், அதனை ஈழத்துப் படைப்பாக ஏற்கப் பலர் தயங்கினர். ஆயினும் அதன் சொற்கள் யாழ்ப்பாணத்துக் கள்ளுக்கடையையும் மாமியையும் மீன்காரனையும் பற்றியவை; தென்னிந்தியச் சினிமாப் பாட்டில் இடம்பெறாத பேச்சுமொழி அதில் இருந்தது. மனோகரனின் 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்து மீனைப் பற்றிப் பாடுவது. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழகத் திரைப்படத்தில் இளையராஜா அதனைப் பயன்படுத்தினார். இந்தியப் பாட்டையே நெடுங்காலம் கேட்டுவந்த ஈழத்துக் கரையிலிருந்து ஒரு பாட்டு எதிர்த்திசையில் கடல் கடந்தது.

இவ்விசைக்கும் மன்னாருக்கும் நேரடித் தொடர்பொன்றும் உண்டு. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் 1978இல் திரைப்படமாகியபோது மனோகரன் அதில் நடித்தார். மன்னாரின் பேசாலைக் கடற்கரை அதன் படப்பிடிப்புக் களமாயிற்று. அதே பேசாலை, கிறிஸ்துவின் பாடுகளை உருவச் சிலைகளைக் கொண்டு காட்டும் உடக்குப் பாஸ் மரபினால் புகழ்பெற்ற ஊர். தவக்காலத்தில் பாஸ் பார்த்து அழுதவரும் கொண்டாட்டத்தில் பைலாவுக்கு ஆடியவரும் வேறு வேறு மக்களல்லர். இரசனை என்பது ஓர் ஆளுக்கு ஒன்று என்ற எண்ணம் இங்கே உடைகின்றது. துயருக்கும் தொழிலுக்கும் களிப்புக்கும் அவர்களுக்குத் தனித்தனி இசை இருந்தது. இவற்றுள் ஒன்றை மட்டும் பிடுங்கியெடுத்து 'இதுவே உங்கள் பண்பாடு' என்று திருப்பிக் கொடுப்பது ஆய்வாளனின் வசதிக்காகவே.

6

றொக், மெற்றல் ஆகியவற்றுக்கு வருவோம். இவை மன்னார்க் கரையில் வேரூன்றிய வடிவங்களல்ல. ஆயினும் இன்று கைப்பேசி வழியாக எக்கிராமத்து இளைஞனுக்கும் எட்டக்கூடியவை. எனவே ஊர்ப் பெரியோரின் கண்டனத்துக்கு ஆளாபவை. ஓலம், வெறி, அந்நிய மோகம் என்பன அவற்றின்மேல் சுமத்தப்படும் குற்றங்கள். இக்குற்றச்சாட்டுகள் எவற்றுக்குமே புதியனவல்ல. கூத்தின் மீதும் ஆர்மோனியத்தின் மீதும் இவையே சுமத்தப்பட்டன.

ஈழத்து மார்க்சியத் திறனாய்வின் வரலாற்றோடு இவ்விசைக்குள்ள ஒரு தொடர்பு மனங்கொளத்தக்கது. பேராசிரியர் க. கைலாசபதி இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்து 1966இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பேராசிரியர் கா. சிவத்தம்பி அதே பல்கலைக்கழகத்தில் 1970இல் பட்டம் பெற்றார். உழைப்பிலிருந்து தாளம் பிறந்தது என்ற கோட்பாடு இவ்வழியே நமக்குச் செழிப்பாகக் கிட்டியது. அதே பேர்மிங்ஹாமில், அதே ஆண்டுகளில், தகட்டு உலோக ஆலையொன்றில் வேலைசெய்த ரொனி அயோமி என்ற பதினேழு வயது இளைஞன் தன் வலக்கையின் இரு விரல்நுனிகளை இயந்திரத்தில் இழந்தான். இடக்கையால் மீட்டுபவனாதலால் தந்தியை அழுத்தும் விரல்கள் அவை. உருக்கிய பிளாஸ்ரிக்கால் விரலுறை செய்து, தந்திகளின் இறுக்கத்தைத் தளர்த்தி, அவன் கிற்றாரை மீட்டினான். அவனும் அவனது தொழிலாளர் குடியிருப்புத் தோழரும் சேர்ந்த 'பிளாக் சபத்' குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பெப்ரவரியில் வெளிவந்தது. மெற்றல் என்ற வகையின் தொடக்கங்களுள் ஒன்றாக அது கொள்ளப்படுகின்றது. ஆலையின் இரைச்சலும் ஆலை பறித்த விரலும் அவ்விசையின் கனத்தில் உள்ளன. உழைப்புக்கும் ஒலிக்குமான உறவுக்கு இதனினும் வெளிப்படையான சான்று தேடுதல் அரிது.

அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே 1964இல் நிறுவப்பட்ட தற்காலப் பண்பாட்டு ஆய்வு மையம் இரசனை வேறுபாட்டை முறையாக ஆராய்ந்தது. ஸ்ருவட் ஹோல் முதலியோரின் 'சடங்குகளினூடான எதிர்ப்பு' 1975இல் வெளியாயிற்று. 1978இல் போல் வில்லிஸ் எழுதிய நூல், மோட்டார் சைக்கிள் இளைஞரையும் ஹிப்பிகளையும் ஒப்பிட்டது. தொழிலாளர் பிள்ளைகளான முன்னவர் பழைய றொக் அன் றோலின் சிறு இசைத்தட்டுகளை விரும்பினர். கல்விப் பின்னணியுடைய பின்னவர் நீண்ட இசைத்தட்டுகளில் அமைந்த சோதனை றொக்கை விரும்பினர். வேகமும் உடலியக்கமும் முன்னவரின் வாழ்க்கைக்கும், அமர்ந்து ஆழ்ந்து கேட்டல் பின்னவரின் ஓய்வுக்கும் பொருந்தின என வில்லிஸ் காட்டினார். 1979இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியே, இரசனை வர்க்க வேறுபாட்டைப் பேணும் கருவி என்பதை விரிவான கள ஆய்வினால் நிறுவினார்.

இவர்களுக்கு முன்னர், 1941இல் தியோடர் அடோர்னோ, வெகுசன இசை ஒரே அச்சில் வார்க்கப்பட்ட சரக்கு என்றும் கேட்பவனைச் செயலற்றவனாக்குவது என்றும் வாதித்தார். அவர் இசைத் தொழிற்றுறையைப் பற்றிக் கூறியவற்றுள் பெரும்பகுதி இன்றும் செல்லுபடியாகும். ஆனால் கேட்பவன் ஒருநாள் கிற்றாரைக் கையிலெடுப்பான் என்பதற்கு அவரது கோட்பாட்டில் இடமில்லை. நம் முற்போக்காளர் பலர் அடோர்னோவைப் படியாமலே அடோர்னோவாதிகளாயினர்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். மேற்கூறியவற்றிலிருந்து 'எல்லா இரசனையும் சமமே' என்ற முடிவுக்கு வருதல் தவறாகும். அது சந்தையின் சுலோகம். எதனை விற்றாலும் வாங்குபவனின் விருப்பம் என்று சொல்லித் தப்பும் வியாபாரிக்கே அது உதவும். மதிப்பீடு வேண்டும், அதற்குரிய அளவுகோல் வேறாதல் வேண்டும். ஓர் இசைவடிவம் கேட்பவனைப் பாடுபவனாக்க இடந்தருகின்றதா, அவனது வாழ்க்கையின் சொற்களுக்கு இடமளிக்கின்றதா, அதன் பயன் யார் கையில் சேர்கின்றது என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். இவ்வளவுகோலின்படி, கடன்பட்டு வாங்கிய கிற்றாரோடும் பழுதான ஒலிபெருக்கியோடும் ஊர் இளைஞர் நால்வர் தாமே கட்டிப் பாடும் கரடுமுரடான பாட்டு, பரிசுக்காகப் பழக்கி ஒப்புவிக்கப்படும் பத்து நிமிடக் கூத்தைக் காட்டிலும் பழைய களரிக்கு நெருக்கமானது.

7

இறுதியாக, இவ்விசைகளைச் சுமந்த மக்களுக்கு நேர்ந்ததைக் கூறாது இவ்வாய்வு நிறைவுபெறாது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தொழிலாளர் தலைமன்னார் வழியாகவே வெளியேறினர். அவர்களை ஏற்றிவந்த புகையிரதத்துக்கு மலையக மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஒரு நூற்றாண்டுக்கு முன் எந்தக் கரையில் அவர்தம் முன்னோரின் பாட்டு இறங்கியதோ அதே கரையில் அது மீண்டும் கப்பலேறியது. 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின் இராமேசுவரத்திலிருந்து நடந்த கப்பற்சேவையும் 1984இல் நின்றது. 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள், வடமாகாணத்தின் ஏனைய முஸ்லிம்களோடு, விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டியினதும் முசலியினதும் குரல்கள் புத்தளத்து அகதிக் குடியிருப்புகளுக்குச் சென்றன. தலைமன்னார்ப் பாதையில் புகையிரதம் மீண்டும் ஓடத்தொடங்கியது 2015 மார்ச்சில்.

மன்னாரின் இசை வரலாற்றைக் கத்தோலிக்கக் கூத்தின் வரலாறாக மட்டும் எழுதுவோமாயின், வெளியேற்றப்பட்ட இவ்விரு கூட்டத்தாரையும் இரண்டாம் முறை வெளியேற்றியவராவோம். 'தூய மரபு' என்ற சொல்லின் ஆபத்து இதுவே. இசையில் தூய்மை தேடுவோர் மக்களிலும் தூய்மை தேட நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை.

ஆதலின் நம் முன்னுள்ள பணி தெளிவானது. வித்தியானந்தன் ஏட்டுக் கூத்துகளைத் திரட்டியது போல, கரையோர ஊர்களின் இசைக்குழுக்கள் பாடிய பொப்பும் பைலாவும், கோவிற் பாடகர் குழுக்கள் இயற்றிய பாடல்களும், புத்தளத்தில் வாழ்வோரும் திரும்பி வந்தோரும் நினைவில் வைத்திருக்கும் பாடல்களும், மலையகத்தாரின் பயணப் பாடல்களும் திரட்டப்படல் வேண்டும். கசற் நாடாக்கள் கடற்காற்றில் விரைவில் பூஞ்சணம் பிடிப்பன; ஓலைச் சுவடிக்குள்ள ஆயுள் அவற்றுக்கில்லை. எது நல்ல இசை என்ற விவாதம் நடக்கட்டும். அது பாடியவர்களின் பெயரும் குரலும் பதிவான பின் நடக்கட்டும்.